கண்ணாடி ஏற்றிய கார்

டாக்டர் காலையில் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பகல் முழுக்க இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே எரிச்சல் வரும்.

பெரியவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் நெஞ்சில் சளி கட்டி அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது இது முதல் தடவை இல்லை. அதனால் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஈரம் இறங்கிய சுவர் உண்டா, பூஞ்சை பிடித்த அலமாரி உண்டா, வாடை அடிக்கிற மூலை ஏதாவது உண்டா? அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் அப்படிப்பட்ட இடத்தில் இவரை உட்காரவைக்காதீர்கள் என்றார்.

இல்லவே இல்லை என்றான் மகன். இல்லை என்றாள் மருமகள். கொஞ்ச காலமாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்றைக்குத்தான் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதுவும் தப்பான பதில்.

ஆஸ்பத்திரி வாசலில் காரில் ஏறி ஏ.சி.யைப் போட்டதும் இருவருக்கும் உறைத்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை முகத்தில் அடித்தது. புதிது ஒன்றும் இல்லை, மாதக்கணக்காக அடிக்கிற வாடைதான். மூக்கு அதை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். இந்தக் காரின் பின்சீட்டில்தான் பெரியவர் வாராவாரம் மூச்சுப்பயிற்சிக்குப் போய் வருகிறார்.

  இருவருக்கும் நடுவே போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுபோன பேச்சு இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இடையில் சில வாரங்கள் படிக்காமல் விட்டவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரார் மாடிக்கெல்லாம் ஏறி இறங்குகிறவன், சொந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் ஏணி வேண்டும் என்பான். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறாள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்டுத் தொண்டை வறண்டு வருகிறவள். வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் கடையை முழுப் பொறுப்பாக இவளே நடத்தட்டும் என்கிறார் முதலாளி. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

அவள் போக ஆசைப்படுகிறாள். புருஷனையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்படுகிறாள். அவனோ, "அப்பா இந்த வீட்டை விட்டு வரமாட்டார்" என்ற ஒரே வரியில் நின்றுகொண்டிருக்கிறான். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் வரவில்லை.

இந்தச் சண்டை வீட்டுக்குள் நடக்க முடியாது. பெரியவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை நரைத்தாலும் காது நரைக்கவில்லை. சமையலறையில் கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று தன் அறையிலிருந்தே சொல்லுவார். அந்தக் காதுக்குப் பயந்து இருவரும் போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கண்ணாடிகளை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு. ஆத்திரம் தீர்ந்ததும், அல்லது அலுத்துப்போனதும், சாவியைச் சட்டென்று திருகி அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்கள் மாதிரி உள்ளே போவார்கள்.

அந்தப் போர்ட்டிகோவில்தான் இப்போது காரின் நாலு கதவும் திறந்து கிடக்கிறது.

ஏ.சி. கடைகள் எல்லாவற்றிலும் நாளை மறுநாள் வா என்றுவிட்டார்கள். கடைசியில் அவன் தன்னோடு படித்த சிநேகிதனைப் பிடித்தான். ஏ.சி. வேலை பார்ப்பதால் அவனுக்குக் குளிரு என்றே பேர். குளிரு எங்கேயோ ஒரு பஸ்ஸின் கூரை மேல் உட்கார்ந்திருந்தான், வர முடியாது. போனில் வேண்டுமானால் சொல்லித் தருகிறேன், நீயும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவன்தானே என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டு மேல் வைத்தார்கள்.

இதுவரை என்ன செய்தாய் என்று குளிரு முதலில் கேட்டான். வாசனை அட்டை தொங்கவிட்டதை இவன் சொன்னான். அது போதாமல் இன்னொரு அட்டை, அப்புறம் ஸ்ப்ரே.

"குளிக்காம பவுடர் போட்டிருக்கே," என்றான் குளிரு. "சரி, டேஷ்போர்டுல இருக்கிற பெட்டியைக் காலி பண்ணு. அதுக்குப் பின்னாலதான் ஃபில்டர் இருக்கு."

பெட்டியில் இருந்ததை அவள் மடியில் கொட்டிக்கொண்டாள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் அவனுடைய டெஸ்டர், கால் உடைந்த அவளுடைய பழைய கண்ணாடி, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி. பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தி அவன் கழற்றினான். உள்ளே கை போகவில்லை. லிஃப்ட் கயிறு இழுத்துத் தடித்துப்போன கை. அவள் நகரும்படி அவனைத் தோளால் இடித்துவிட்டு, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, தன் ஒல்லியான விரல்களை விட்டு மூடியை நெம்பி ஃபில்டரை உருவினாள்.

அது ஃபில்டர் மாதிரியே இல்லை. கறுத்து, நசநசவென்று, மடிப்பு மடிப்பாய் இலைத்தூளும் பூச்சி இறக்கையும் ஒட்டிக்கொண்டு இருந்தது. போன சர்வீஸில் மாற்றியாயிற்று என்று அவன் சொல்லியிருந்தான். மாற்றச் சொன்னது உண்மை, மாற்றினார்களா என்று பார்க்காததும் உண்மை. அவள் அதை அவன் காலடியில் வைத்தாள். வேறு சமயமாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை கிளம்பியிருக்கும். இன்றைக்கு இருவருக்கும் தெம்பு இல்லை.

"குளிரு, இது இவ்வளவு ஈரமா இருக்கே, ஏன்?" என்று அவன் கேட்டான்.

போனில் காற்றும் சுத்தியல் சத்தமும் வந்தன. பிறகு குளிரு கேட்டான், "வண்டி நிக்கும்போது ரொம்ப நேரம் ஏ.சி. ஓடுமா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓடும்," என்றான்.

"உள்காத்தே சுத்திச் சுத்தி வர்ற மாதிரி ஒரு பட்டன் இருக்குமே, அது?"

"எப்பவும் போட்டேதான் இருக்கும்."

"ஏன்டா?"

 அவள்தான் சொன்னாள், "வெளிக்காத்து வர்ற வழியை மூடினா, உள்ள பேசுற சத்தமும் வெளிய போகாதுன்னு உங்க சிநேகிதர் சொன்னாருண்ணா."

குளிரு பஸ் கூரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, காத்தை அடைச்சா சத்தம் அடையுமா என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னான். ஏ.சி. ஓடினால் உள்ளே கூலிங் காயில் என்கிற குளிர்ச் சுருள் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே சொட்டிவிட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, காயில் நனைந்திருக்கும்போதே வண்டியைப் பட்டென்று அணைத்துவிட்டாலோ, ஈரம் உள்ளேயே தங்கும். வெளிக்காற்றே படாத இருட்டில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

"ஆமா, வண்டியை நிறுத்திட்டு உள்ள உக்காந்து என்னடா பண்ணுவீங்க?"

"பேசுவோம்."

"வீட்டுல பேச இடம் இல்லையா?"

அவன் காலடியில் கிடந்த கறுத்த ஃபில்டரைக் காலால் தள்ளினான். குளிருவும் இங்கிதம் தெரிந்தவன், குழாயைப் பார் என்று பேச்சை மாற்றினான்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பழகியவன் என்பதால் காருக்கு அடியில் நுழைவது அவனுக்குப் பெரிதில்லை. கை வைத்துத் தடவிக் குழாயைக் கண்டுபிடித்தான். குத்திக் கிழித்துவிடாதே, மெதுவாக நெருடு என்றான் குளிரு. இவன் நெருடினான். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெருடினான். மாதக்கணக்காகத் தங்கிய தண்ணீர் மொத்தமும் பழுப்பாக அவன் மூஞ்சியில் கொட்டியது.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு உதடு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. துணியை மட்டும் நீட்டினாள்.

அவன் முகம் துடைக்கிற நேரத்தில் அவள் பின்சீட்டின் மிதியடிகளை வெயிலில் போட எடுத்தாள். முன்சீட்டின் முதுகில் இருக்கும் பையில் என்னவோ உப்பலாகத் தெரிந்தது. கையை விட்டாள். காகிதங்கள். இருமல் மிட்டாய் சுற்றி வரும் காகிதங்கள், ஒவ்வொன்றும் நகத்தால் நீவிச் சின்னதாக மடித்து, கை நிறைய.

அவள் அப்படியே பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வாடை அடிக்கிறது என்று ஒரு நாள் அவர் வாய் திறந்ததில்லை. இருமல் வருகிறது, கண்ணாடியை இறக்கு என்று கேட்டதில்லை. முன்னால் இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும்போது, பின்னால் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"இங்க பாருங்க," என்று காகிதங்களைக் காட்டினாள். "நாம போட்ட சண்டைக்கு அவரை இருமவெச்சிட்டோம்."

"டாக்டர் அப்படி அடிச்சுச் சொல்லல."

"டாக்டர் சொல்ல வேண்டாம். எனக்கு மனசு கேக்கல."  அழுவதற்கும் அலுப்பாக இருந்தது அவளுக்கு. "நீங்க ஒரு தடவையாவது மாமாவைக் கேட்டீங்களா, அந்த ஊருக்கு வர்றீங்களான்னு?"

"கேக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவன் நுரை டப்பாவை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தான். பதில் வேண்டாத இடத்தில் கைக்கு வேலை கொடுப்பது அவன் வழக்கம். காலையில் ஏ.சி. கடைகளில் அலைந்தபோது புது ஃபில்டரோடு வாங்கி வந்த டப்பா அது, காயில் கழுவுவதற்கென்றே வருவது. மோட்டார் மேல் படாமல் நீளக் குழலை உள்ளே விட்டு அடி, ஊறவிடு, கீழே ஒழுகி முடிகிற வரைக்கும் அவசரப்படாதே என்று குளிரு சொன்னான். வேறொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டான்.

ஊறுகிற நேரத்தில் இருவரும் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தார்கள். காருக்கு அடியில் அழுக்கு நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"அலுத்துப்போச்சு," என்றான் அவன்.

"எது?"

"எதுன்னு தெரியல."

 அந்தப் பதிலில் அப்பா இல்லை என்பதை அவள் கவனித்தாள். கண் சோதிக்கிறவள் அல்லவா, எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள் தெரிகிற மாதிரி வாசிப்பதை நிறையப் பார்த்திருக்கிறாள்.

நுரை ஒழுகி முடிந்தது. புது ஃபில்டரில் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவளே பார்த்துச் சொருகினாள். கதவுகளைத் திறந்துவைத்தபடியே என்ஜினை ஓடவிட்டு, வெளிக்காற்று வரும்படி மாற்றி, சூட்டையும் ஃபேனையும் முழுக்கத் திறந்துவிட்டான். முதலில் கஷாயம் காய்ச்சுகிற மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. பிறகு மெல்ல மெல்ல ஒன்றுமில்லாமல் ஆனது. அவள் காற்று வரும் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தாள். கீழே தரையில் முகர்ந்தாள், பின்சீட்டில் முகர்ந்தாள்.

"முந்தி தெளிவா, இப்ப தெளிவா?" என்று அவன் கேட்டான்.

இந்தத் தடவை அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அவளுக்கே கோபம் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த வாசனை அட்டைகளைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சாயங்காலம் பெரியவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆள் இளைத்திருந்தார், சட்டை தோளிலிருந்து வழிந்தது. ஏ.சி. ஓடியது. அவர் மூக்கை உறிஞ்சி, வேறு வண்டியா இது என்று கேட்டார். அதே வண்டிதான், கழுவினோம் என்றாள் மருமகள். நல்லது என்றார். அவர் கை முன்சீட்டுப் பைக்குள் போய், காலியாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவள் அதைக் கண்ணாடியில் பார்த்தாள்.

வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முன்பே, குளிரு சொல்லியிருந்தபடி, அவள் ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் விட்டாள். வெளிக்காற்றைத் திறந்தாள். நாலு கண்ணாடியும் இறங்கின. நிறுத்துவதற்கு முன்னால் காயில் உலர வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு விளக்கினான். அதற்குள் போர்ட்டிகோ வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்தான். அவளும் இறங்கவில்லை. பெரியவரும் இறங்கவில்லை.

மூன்று பேரும் அப்படி அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"என் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிர்லதான் இந்த வண்டி நிக்குது," என்றார் பெரியவர். இழுத்து இழுத்துத்தான் பேச முடிந்தது. "நீங்க பேசுறது ஒரு வார்த்தை கேக்காது. என்ஜின் சத்தம் மட்டும் கேக்கும். லைன் பிஸின்னு தெரிஞ்சுக்குவேன். பிஸியா இருக்கிற லைன்ல நடுவுல நுழையுறது என் வேலையில பெரிய தப்பு."

முன்சீட்டில் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு நான் இறங்கிடவா, இல்ல லைன்லயே இருக்கவா?"

அவள்தான் முதலில் திரும்பினாள். "இருங்க மாமா. நாளைக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அதைப் பத்தித்தான் இவ்வளவு நாளா..."

"தெரியும்மா. உன் முதலாளி நம்ம வீட்டுக்கு போன் பண்ணாரு. அன்னிக்கும் நீங்க இங்கதான் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான்தான் எடுத்தேன்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "அங்க வீடு பாத்துத் தர்றேன்னாரு. மாடி வீடு வேண்டாம், எனக்கு ஏற முடியாது, கீழ் வீடா பாருங்கன்னு சொல்லிவெச்சேன்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கண் நிறைந்தது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, மெதுவாக, புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் பழக்க தோஷத்தில் கதவுப் பக்கம் போய் பட்டனை இழுத்தது. நாலு கண்ணாடியும் ஒரு சாண் ஏறின.

"ஏத்தாதீங்க," என்றாள். "வேர்த்தா வேர்க்கட்டும். இனிமே இந்த வண்டியில மூடிவெச்சுப் பேசறதில்ல."

அவன் விரலை எடுத்துக்கொண்டான். கேட்டுக்கு வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார்கள். எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். எல்லாருக்கும் கேட்கும் என்று தெரிந்தேதான் அவன் வாயைத் திறந்தான்.

"வர இஷ்டமில்லாதது அப்பாவுக்கு இல்ல. எனக்குத்தான்."

  ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. காயில் எப்போதோ உலர்ந்திருக்கும், ஆனாலும் சாவியைத் திருக மூவரில் ஒருவருக்கும் கை வரவில்லை.